லோடு ஏறுனதும் ஃபயர்வால் இன்டர்ஃபேஸ் படுத்துக்குதா? ரீபூட் பட்டனைத் தொடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

ஃபயர்வால் பாக்ஸ் நாள் முழுக்க ஒழுங்கா ஓடும், பிரௌசிங், மெயில், வீடியோ கால்னு எதுலயும் குறை இருக்காது, ஆனா ராத்திரி பேக்கப் ஆரம்பிச்சதும் இல்லன்னா யாரோ பெரிய ஃபைல் ஒண்ணை இழுக்க ஆரம்பிச்சதும் பொட்டுன்னு இன்டர்ஃபேஸ், அதாவது அதோட நெட்வொர்க் போர்ட், போயிடும். கேபிளைப் புடுங்கி மாட்டுனா வரும், ரீபூட் பண்ணா வரும், மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடியும் படுத்துக்கும். இதுல எல்லாரும் பண்ற முதல் தப்பு அந்த ரீபூட்தான். ரீபூட் ஆனதும் கவுன்டர் எல்லாம் ஜீரோ, மெமரில இருந்த மெசேஜ் காலி, அப்புறம் உக்காந்து யூகம் பண்ணிட்டு இருக்க வேண்டியதுதான்.

"இன்டர்ஃபேஸ் போயிடுச்சு"ன்னு நாம ஒரே வார்த்தைல சொல்லிடறோம், ஆனா அதுக்குள்ள குறைஞ்சது அஞ்சு வேற வேற வியாதி இருக்கு. லிங்க்கே நிஜமா கட் ஆகியிருக்கலாம். லிங்க் லைட் எரியும், ஆனா நெட்வொர்க் கார்டு ஹேங் ஆகி நிக்கும். கார்டு நல்லா இருக்கும், பாக்கெட்டை வைக்க பஃபர் இருக்காது. பஃபர் இருக்கும், நடப்பு கனெக்‌ஷனை எல்லாம் ஃபயர்வால் குறிச்சு வைக்கற ஸ்டேட் டேபிள் நிரம்பி வழியும். அஞ்சாவதுதான் ரொம்ப கடுப்பு, இன்டர்ஃபேஸுக்கு ஒண்ணுமே ஆகியிருக்காது, கேட்வே, அதாவது வெளிய போற வழில இருக்கற அடுத்த ரூட்டர், செத்துடுச்சுன்னு ஃபயர்வாலே தப்பா முடிவு பண்ணியிருக்கும். ஒண்ணுக்கு குடுக்கற மருந்து இன்னொண்ணுக்கு கேக்காது, அதனால எது வந்திருக்குன்னு கண்டுபுடிக்கறதுதான் முக்கால்வாசி வேலை.

விழுந்து கிடக்கும்போதே பாருங்க

முதல்ல பாக்ஸுக்குள்ள போக வேற ஒரு வழி வேணும். சீரியல் கன்சோல், இல்ல கீபோர்டு மானிட்டர், இல்ல மேனேஜ்மென்ட்டுக்குன்னு தனியா ஒரு போர்ட். விழுற இன்டர்ஃபேஸ் வழியாவே எஸ்எஸ்ஹெச் பண்ணிட்டு இருந்தா விழுந்ததும் நீங்களும் வெளிய நிப்பீங்க. லாக்கை வேற மெஷினுக்கு அனுப்ப சிஸ்லாக் போட்டு வைங்க, அதையும் விழுற போர்ட் வழியா அனுப்பாதீங்க, சிரிக்காதீங்க, நான் அப்படி பண்ணியிருக்கேன்.

அடுத்த தடவை விழும்போது உள்ள போய், பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் மாதிரி ஃப்ரீபிஎஸ்டி ஆப்பரேட்டிங் சிஸ்டம் மேல ஓடற ஃபயர்வாலா இருந்தா இஃப்கான்ஃபிக் கமாண்ட் அடிச்சு ஸ்டேட்டஸ் வரில ஆக்டிவ்னு இருக்கா, நோ கேரியர்னு இருக்கான்னு பாருங்க. லினக்ஸா இருந்தா ஈத்டூல் கமாண்ட்ல லிங்க் டிடெக்டட் எஸ்ஸா நோவா. இந்த ஒரு வரியே பாதையை ரெண்டா பிரிச்சிடும். நோ கேரியர்னா கேபிள், போர்ட்ல செருகற எஸ்எஃப்பி மாட்யூல், எதிர்பக்கம் இருக்கற சுவிட்ச் போர்ட், பவர் சேவிங், சூடு இந்தப் பக்கம் போங்க. ஆக்டிவ்னா டிரைவர், பஃபர், டேபிள் பக்கம்.

அப்புறம் கெர்னல் மெசேஜைக் காட்டற டிமெசேஜ் அவுட்புட்டை முழுசா ஒரு ஃபைல்ல சேவ் பண்ணுங்க. அதே கையோட நெட்ஸ்டாட்டை சின்ன ஐ ஆப்ஷன் போட்டு எரர், டிராப் கவுன்டர், எம் ஆப்ஷன் போட்டு எம்பஃப்ங்கற பாக்கெட் மெமரி கணக்கு, விஎம்ஸ்டாட்டை ஐ ஆப்ஷன் போட்டு இன்டரப்ட் எண்ணிக்கை, எல்லாத்தையும் எடுத்து வைங்க. லினக்ஸ்ல ஈத்டூல் பெரிய எஸ் ஆப்ஷன்தான் தங்கச்சுரங்கம், கார்டுக்குள்ள இருக்கற கவுன்டர் எல்லாம் அதுல வரும். முடிஞ்சா அந்த இன்டர்ஃபேஸ்ல போற வர்ற பாக்கெட்டைக் காட்டற டிசிபிடம்ப் போட்டு ஒரு நிமிஷம் பாருங்க, இந்த ஐபி யாரோடதுன்னு கேக்கற ஏஆர்பி கேள்வி மட்டும் வரிசையா வெளிய போயிட்டே இருக்கு, பதில் ஒண்ணுகூட வரலன்னா ரிசீவ் பக்கம் அடைச்சு நிக்குதுன்னு சந்தேகப்படலாம். அதுக்கப்புறம் எதிர்பக்க சுவிட்ச்ல அதே போர்ட்டோட கவுன்டரையும் பாத்துடுங்க, பதில் அங்கேர்ந்து கிளம்புச்சா இல்லையான்னு அதுதான் சொல்லும்.

இதெல்லாம் எடுத்ததுக்கு அப்புறம்தான் உயிர் குடுக்கணும், அதுவும் படிப்படியா. முதல்ல இன்டர்ஃபேஸை டவுன் பண்ணி அப் பண்ணுங்க. அதுலயே வந்துட்டா டிரைவரோ கார்டோட க்யூவோ சிக்கியிருந்துச்சுன்னு வெச்சுக்கலாம். அதுல வராம கேபிளைப் புடுங்கி மாட்டுனா வருதுன்னா லிங்க் பேசிக்கற லெவல்ல பிரச்சனை. ரீபூட்லயும் வராம, பவரை முழுசா கட் பண்ணிப் போட்டாதான் வருதுன்னா கார்டோட ஃபர்ம்வேர் இல்ல ஹார்டுவேர்தான், அதுக்கு டியூனிங் பண்ணிட்டு நேரத்தை வீணாக்காதீங்க.

லாக்ல எந்த வார்த்தை வருது

வாட்ச்டாக் டைம்அவுட்னு வந்தா, டிரைவர் பாக்கெட்டைக் கார்டு கைல குடுத்துச்சு, "அனுப்பிட்டேன்"னு கார்டு திரும்பச் சொல்லவே இல்ல, சில செகண்ட் பாத்துட்டு கார்டை ரீசெட் பண்ணுதுன்னு அர்த்தம். ஃப்ரீபிஎஸ்டில ஆர்இ0 வாட்ச்டாக் டைம்அவுட்ங்கறது ரியல்டெக் கார்டு வெச்சிருக்கறவங்க எல்லாருக்கும் பழகின வரி. சிஸ்டத்தோட வர்ற ஆர்இ டிரைவர் சில ரியல்டெக் சிப்போட லோடுல ஒத்துப்போறதில்ல. இதுக்கு ரியல்டெக் கம்பெனியோட சொந்த டிரைவர் கேமாட், அதாவது கெர்னல்ல ஏத்தற மாட்யூல், பேக்கேஜா கிடைக்குது, ஓபிஎன்சென்ஸ்ல பிளகின் லிஸ்ட்லயே இருக்கு, பிஎஃப்சென்ஸ்ல பேக்கேஜை போட்டு லோடர் டாட் கான்ஃப் டாட் லோக்கல் ஃபைல்ல அந்த மாட்யூலை லோட் பண்ணச் சொல்லி வரி சேக்கணும். லோக்கல்ங்கற பேரு இல்லாத மெயின் ஃபைல்ல எழுதாதீங்க, அதை சிஸ்டமே திருப்பி எழுதிடும். ரீபூட்டுக்கு அப்புறம் கேஎல்டிஸ்டாட் அடிச்சு புது மாட்யூல்தான் ஏறியிருக்கான்னு கட்டாயம் பாருங்க, பேக்கேஜ் மட்டும் போட்டுட்டு பழைய டிரைவர்லயே ஓட்டிக்கிட்டு "இதுவும் வேலைக்கு ஆகல"ன்னு சொல்றவங்க நிறைய.

லினக்ஸ்ல இதுக்கு அண்ணன் தம்பி நெட்டெவ் வாட்ச்டாக், டிரான்ஸ்மிட் க்யூ டைம்ட் அவுட்னு வரும். இன்டெல் இ1000இ டிரைவரா இருந்தா டிடெக்டட் ஹார்டுவேர் யூனிட் ஹேங்னு வரும். இந்த ஹேங்குக்கு, பெரிய டேட்டாவைக் கடைசி நேரத்துல பாக்கெட்டா வெட்டற டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ ரெண்டையும் ஈத்டூல் வழியா ஆஃப் பண்ணிப் பாத்தா பல பேருக்கு அதோட நின்னுடுது. சிபியு கொஞ்சம் கூட ஏறும், அவ்ளோதான்.

வேற எந்தப் புலம்பலும் இல்லாம லிங்க் ஸ்டேட் சேஞ்ச்ட் டு டவுன், உடனே அப், திரும்ப டவுன், இது மட்டும் வந்தா கேபிள் பக்கமும் பவர் சேவிங் பக்கமும் போங்க. இன்டரப்ட் ஸ்டார்ம்னு வந்தா, கார்டு சிபியுவை ஓயாம கூப்பிடுதுன்னு அர்த்தம், பையாஸ் அப்டேட் பாருங்க, இன்டரப்ட் அனுப்பற முறையை எம்எஸ்ஐஎக்ஸ்லேர்ந்து எம்எஸ்ஐக்கு மாத்தி ஓட்டிப் பாருங்க.

லாக்ல ஒண்ணுமே இல்லையா? அப்போ கேட்வே மானிட்டர்

ஒரு இடத்துல இதால எனக்கு ரெண்டு நாள் போச்சு. அப்லோடு ஏறுனா வேன், அதாவது இன்டர்நெட் பக்கத்து போர்ட், போகுதுன்னு சொன்னாங்க, நானும் கார்டை சந்தேகப்பட்டு, டிரைவரை மாத்தி, கேபிளை மாத்தி, பஃபரை ஏத்தி எல்லாம் பண்ணேன். கடைசில பாத்தா டிமெசேஜ்ல ஒரு லிங்க் டவுன் வரிகூட இல்ல. கேட்வே லாக்ல மட்டும், கேட்வேயை பிங் பண்ணிப் பாக்கற டிபிங்கரோட அலாரம் வரிசையா.

நடக்கறது இதுதான். பிஎஃப்சென்ஸ் மாதிரி பாக்ஸ் கேட்வேக்கு அரை செகண்டுக்கு ஒரு தடவை பிங் அனுப்பிட்டே இருக்கும். டீஃபால்ட்ல ஒரு நிமிஷத்து சராசரில 20 சதவீதம் பிங் காணாம போனாலோ தாமதம் 500 மில்லிசெகண்டைத் தாண்டினாலோ கேட்வே டவுன்னு முத்திரை குத்திடும். அப்லோடு லைனை முழுசா நிரப்பினா மோடத்தோட பஃபர்ல எல்லாரும் க்யூல நிப்பாங்க, அந்த பிங்கும் அதே க்யூலதான் நிக்கும். அது லேட்டா வரும், இல்ல வராது. உடனே ஃபயர்வால் லைன் செத்துடுச்சுன்னு ரூட்டை மாத்தும், கேட்வே விழுந்தா ஸ்டேட்டை அழிக்கற ஆப்ஷன் ஆன்ல இருந்தா அதையும் அழிக்கும், எல்லார் கனெக்‌ஷனும் அறுந்துடும். அறுந்ததும் ட்ராஃபிக் நின்னுடும், பிங் சரியாயிடும், லைன் "வந்துடும்". பாக்கறவங்களுக்கு அச்சு அசல் இன்டர்ஃபேஸ் விழுந்து எழுந்த மாதிரியே இருக்கும்.

இதுக்கு மருந்து வேன் பக்கம் ஸ்பீடுக்கு வரம்பு வைக்கற லிமிட்டர் போட்டு, க்யூவை நீளவிடாம பாத்துக்கற எஃப்க்யூ கோடெல் ஆன் பண்றது, லைனோட நிஜ ஸ்பீடுக்கு கொஞ்சம் கம்மியா வரம்பு வைங்க, அப்பதான் க்யூ மோடத்துல சேராம உங்க கைல இருக்கும். ஒரே ஒரு லைன்தான் இருக்குன்னா கேட்வே டவுன் ஆனா ஆக்‌ஷன் எடுக்கறதையே நிறுத்திடுங்க, மாறிப்போக வேற லைனே இல்லாதப்ப அந்த அலாரத்தால என்ன லாபம்.

பஃபர், டேபிள், ரெண்டும் நிரம்புற இடம்

ஃப்ரீபிஎஸ்டில பாக்கெட் எல்லாம் எம்பஃப்ங்கற துண்டு மெமரில உக்காரும். நாலு போர்ட் கார்டு, ஒவ்வொரு போர்ட்டுக்கும் சிபியு கோர் எண்ணிக்கைக்கு ஏத்த மாதிரி பல க்யூ, ஒவ்வொரு க்யூக்கும் முன்கூட்டியே ஒதுக்கின எம்பஃப்னு கணக்கு போட்டா டீஃபால்ட் சுலபமா பத்தாம போகும். என்எம்பிக்ளஸ்டர்ஸ் லிமிட் ரீச்ட்னு கன்சோல்ல வந்தாலோ, நெட்ஸ்டாட் எம் அவுட்புட்ல டினைட்னு இருக்கற எண் ஜீரோ இல்லன்னாலோ அதான் காரணம். கெர்ன் டாட் ஐபிசி டாட் என்எம்பிக்ளஸ்டர்ஸை 10 லட்சம்னு வைக்கறது வழக்கம், ஆனா ஒரு க்ளஸ்டர் 2 கேபி, 10 லட்சம் க்ளஸ்டர் முழுசா நிரம்பினா கிட்டத்தட்ட 2 ஜிபி ராம். பாக்ஸ்லயே 2 ஜிபிதான்னா அந்த எண்ணை காப்பி அடிக்காதீங்க. இன்னொண்ணு, ஏத்தினதுக்கு அப்புறமும் எண் கொஞ்சம் கொஞ்சமா ஏறிட்டே போய் இறங்கவே மாட்டேங்குதுன்னா அது பத்தாக்குறை இல்ல, டிரைவர்ல லீக், லிமிட்டை ஏத்துனா விழுற நாள் தள்ளிப்போகுமே தவிர நிக்காது.

லினக்ஸ்ல ஆர்எக்ஸ் மிஸ்ட் எரர்ஸ், ஆர்எக்ஸ் நோ பஃபர் கவுன்ட் இந்த ரெண்டும் ஏறுதான்னு பாருங்க. ஏறுனா ரிங் பஃபர் சின்னதா இருக்கலாம், ஈத்டூல் சின்ன ஜி போட்டா இப்ப எவ்ளோ, அதிகபட்சம் எவ்ளோன்னு காட்டும், பெரிய ஜி போட்டு ஏத்திக்கலாம். ஒரே மூச்சுல மேக்ஸிமம் வைக்காம இரட்டிப்பா ஏத்திப் பாருங்க, தேவையில்லாம பெருசா வெச்சா தாமதம்தான் கூடும். பாக்கெட் சிதைஞ்சு வர்றதைக் காட்டற சிஆர்சி எரர் ஏறுதுன்னா அது பஃபர் கதையே இல்ல, கேபிளையும் எஸ்எஃப்பியையும் மாத்துங்க.

ஸ்டேட் டேபிளும் இதே மாதிரிதான். லினக்ஸ்ல என்எஃப் கான்ட்ராக் டேபிள் ஃபுல், டிராப்பிங் பாக்கெட்னு பச்சையா சொல்லிடும். எஸ்டாப்ளிஷ்ட் டிசிபி கனெக்‌ஷனோட டைம்அவுட் அதுல டீஃபால்ட்டா 4,32,000 செகண்ட், அதாவது அஞ்சு நாள், செத்த கனெக்‌ஷன் எல்லாம் அஞ்சு நாள் இடத்தை புடிச்சிட்டு உக்காந்திருக்கும். மேக்ஸை ஏத்துறதோட அதையும் சில மணி நேரத்துக்குக் குறைங்க. ஃப்ரீபிஎஸ்டில ஓடற பிஎஃப் ஃபயர்வால்ல பிஎஃப்சிடிஎல் வழியா இப்ப எத்தனை ஸ்டேட்னு பாத்துக்கலாம், ஒரு ஸ்டேட்டுக்கு சுமார் 1 கேபி ராம்னு கணக்கு வெச்சுக்குங்க. அறிகுறி ஒண்ணு சொல்றேன், ஏற்கனவே ஓடிட்டு இருக்கற டவுன்லோடு நிக்காம போகும், புதுசா எதுவும் திறக்காது. அப்படி இருந்தா இன்டர்ஃபேஸை விட்டுட்டு நேரா டேபிளுக்கு வாங்க.

டிஎஸ்ஓ, எல்ஆர்ஓ ஆஃப்லோடை ஆஃப் பண்ணுங்க, பேசாம

ஆஃப்லோடுன்னா சிபியு செய்யற வேலையை கார்டு தலைல கட்டறது. அதுல டிஎஸ்ஓ, எல்ஆர்ஓ ரெண்டும் டேட்டாவை தானே அனுப்பற தானே வாங்கற சர்வருக்காக வந்தது. ஃபயர்வால் வேலை வேற, இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் தள்ளணும். எல்ஆர்ஓ பல பாக்கெட்டை ஒண்ணா ஒட்டி பெரிய பாக்கெட்டா குடுக்கும், அதை அப்படியே அடுத்த பக்கம் தள்ள முடியாது. அதனால ரூட்டர், ஃபயர்வால்ல இது ரெண்டும் ஆஃப்தான். பாக்கெட் சிதையலையான்னு சரிபாக்கற செக்சம் ஆஃப்லோடு நல்ல கார்டுல ஆன்லயே இருக்கலாம், ஆனா விர்ச்சுவல் மெஷின்ல விர்ட்ஐஓ கார்டு வெச்சு பிஎஃப்சென்ஸ் ஓட்டறீங்கன்னா அதையும் ஆஃப் பண்ணணும், இல்லன்னா பிங் போகும், வெப் பேஜ் திறக்காதுங்கற வினோதம் எல்லாம் வரும். தாக்குதலைக் கண்டுபுடிக்கற சுரிகாட்டாவை, ட்ராஃபிக் நடுவுல நின்னு தடுக்கற இன்லைன் மோட்ல நெட்மேப் வழியா ஓட்டறவங்க மூணையுமே ஆஃப் பண்ணணும். இன்லைனை ஒரு நாள் நிறுத்தி வெச்சுப் பாக்கறதும் நல்ல டெஸ்ட்தான்.

ஃப்ளோ கன்ட்ரோலையும் இதோட பாத்துடுங்க. சுவிட்ச் திணறும்போது "கொஞ்சம் நிறுத்து"ன்னு பாஸ் ஃபிரேம் அனுப்பும், கார்டும் கீழ்ப்படிஞ்சு நிக்கும், அது வந்துட்டே இருந்தா டிரான்ஸ்மிட் மொத்தமா உறைஞ்சு போகும். இந்த ஃபிரேமை எண்ணற எக்ஸ்ஆஃப் கவுன்டர் ஏறிட்டே இருந்தா ரெண்டு பக்கமும் ஃப்ளோ கன்ட்ரோலை நிறுத்திப் பாருங்க.

கரண்டை மிச்சம் புடிக்கறேன்னு லைனை அறுக்கற ஆப்ஷன்கள்

இஇஇன்னு ஒண்ணு இருக்கு, எனர்ஜி எஃபிஷியன்ட் ஈத்தர்நெட், ட்ராஃபிக் இல்லாத நேரம் லிங்க்கைத் தூங்க விடும். தூங்கி எழும்பறதுல ரெண்டு பக்கமும் ஒத்துப்போகலன்னா லிங்க் அடிக்கடி விழும். இன்டெல் ஐ226 வி கார்டுல லிங்க் விழுற புகார் நிறைய வந்தப்ப எல்லாரும் முதல்ல பண்ணது இஇஇயை நிறுத்தினதுதான். அதுக்கு முந்தின ஐ225 வி கார்டோட ஆரம்ப ஸ்டெப்பிங்ல, அதாவது சிப்போட ஆரம்பப் பதிப்புல, 2.5 ஜிகால பாக்கெட்டுக்கு நடுவுல விடுற இடைவெளியிலயே கோளாறு இருந்துச்சு, பி3 ஸ்டெப்பிங்லதான் சரி பண்ணாங்க. பழைய ஸ்டெப்பிங் மாட்டியிருந்தா 1 ஜிகால ஃபிக்ஸ் பண்ணி ஓட்டிப் பாருங்க.

பிசிஐ எக்ஸ்பிரஸ் பக்கம் ஏஎஸ்பிஎம்னு இதே மாதிரி தூங்க வைக்கற வேலை இருக்கு, பையாஸ்லயே ஆஃப் பண்ணுங்க. அப்படியே கார்டு எந்த ஸ்லாட்ல உக்காந்திருக்குன்னும் எல்எஸ்பிசிஐல லிங்க் ஸ்டேட்டஸ் பாத்துடுங்க, நாலு லேன், அதாவது நாலு டேட்டா பாதை, இருக்கற ஸ்லாட்டுனு நெனச்சது உள்ள ஒரே லேன்ல ஓடிட்டிருக்கும். பிசிஐ எக்ஸ்பிரஸ் ரெண்டாம் தலைமுறைல ஒரு லேனுக்கு நொடிக்கு 500 எம்பிதான், 10 ஜிகா போர்ட்டுக்கு நொடிக்கு 1250 எம்பி வேணும்.

சூடு பத்தி யாரும் பேசறதில்ல. சர்வர்ல காத்து அடிக்கற இடத்துக்காக செஞ்ச 10 ஜிகா கார்டை ஃபேன் இல்லாத குட்டிப் பெட்டில மாட்டினா லோடு ஏறி பத்து பதினஞ்சு நிமிஷம் கழிச்சுதான் விழும், ஏறின உடனே விழாது. காப்பர் 10 ஜிகா எஸ்எஃப்பியும் தொட முடியாத அளவுக்கு சுடும். மூடியைக் கழட்டி ஒரு டேபிள் ஃபேனை நேரா வெச்சு ஓட்டிப் பாருங்க, விழலன்னா விடை கிடைச்சிடுச்சு. பழைய பவர் அடாப்டரும் இதே வேலையைக் காட்டும், லோடுல வோல்டேஜ் இறங்கும்.

ஒரே கோர் மாட்டிக்கிட்டா

மொத்த சிபியு 25 சதவீதம்னு காட்டும், நிம்மதியா இருப்பீங்க, நாலு கோர்ல ஒண்ணு மட்டும் 100ல நிக்கும். டாப்ல கோர் வாரியா பாருங்க. யூசர்நேம் பாஸ்வேர்டு குடுத்து கனெக்ட் ஆகற பிபிபிஓஇ லைன்ல இது சகஜம், அந்த ஃபிரேமை கார்டு பிரிச்சு பல க்யூக்கு அனுப்பத் தெரியாம எல்லாத்தையும் முதல் க்யூலயே கொட்டும். ஃப்ரீபிஎஸ்டில நெட் டாட் ஐஎஸ்ஆர் டாட் டிஸ்பாட்ச்சை டிஃபர்ட்னு மாத்தினா மேல வர்ற வேலை மத்த கோருக்கும் பகிரும்.

இன்னொண்ணு, ஸ்பீடு மட்டும் பாத்து ஏமாறாதீங்க. 1 ஜிகா லைன்ல முழு சைஸ் 1518 பைட் ஃபிரேம்னா நொடிக்கு சுமார் 81,000 பாக்கெட்தான், 64 பைட்னா 14,88,000. ஃபயர்வாலுக்கு ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரு வேலை, சைஸ் இல்ல.

வேணும்னே விழ வைங்க

ராத்திரி பேக்கப் வரைக்கும் காத்திருக்க வேணாம். ஃபயர்வாலுக்கு அந்தப் பக்கம் ஒரு மெஷின், இந்தப் பக்கம் ஒரு மெஷின் வெச்சு நடுவுல ஸ்பீடு சோதிக்கற ஐபெர்ஃப்3 ஓட்டுங்க, ஃபயர்வால் மேலயே ஓட்டினா அது ஃபார்வர்டிங்கை சோதிக்காது, சிபியுவைத்தான் தின்னும். எட்டு ஸ்ட்ரீம், 10 நிமிஷம், அப்புறம் திசையை மாத்தி 10 நிமிஷம், அப்புறம் யுடிபில சின்ன பாக்கெட். ஐபெர்ஃப் 3.16க்கு முந்தின வெர்ஷன் எத்தனை ஸ்ட்ரீம் குடுத்தாலும் ஒரே த்ரெட்லதான் ஓடும், 10 ஜிகா சோதிக்கறவங்க அதைக் கவனிச்சுக்குங்க. எந்த சோதனைல, எத்தனாவது நிமிஷத்துல விழுதுன்னு எழுதி வைங்க. சின்ன பாக்கெட்ல மட்டும் விழுந்தா பஃபர், கோர். பெரிய ட்ராஃபிக்ல 12வது நிமிஷம் விழுந்தா சூடு. வந்த திசைல மட்டும் விழுந்தா ரிசீவ் க்யூ.

ஒரு தடவைக்கு ஒரே ஒரு செட்டிங்தான் மாத்தணும். அஞ்சை ஒண்ணா மாத்தி சரியாப் போச்சுன்னா எதால சரியாச்சுன்னு உங்களுக்கே தெரியாது, ஆறு மாசம் கழிச்சு அப்கிரேடுல ஒண்ணு போகும், திரும்பவும் மொதல்லேர்ந்து.

புது கார்டு வர்ற வரைக்கும் ஓட்டியாகணும்னா, நிமிஷத்துக்கு ஒரு தடவை பிங் பண்ணி மூணு தடவை வரலன்னா இன்டர்ஃபேஸை டவுன் அப் பண்ற ஸ்கிரிப்டை, குறிச்ச நேரத்துக்கு தானா ஓட்டற கிரான்ல போட்டுக்கலாம், ஆனா டவுன் பண்றதுக்கு முன்னாடி நெட்ஸ்டாட், டிமெசேஜ் அவுட்புட்டை நேரத்தோட ஃபைல்ல எழுதற மாதிரி அந்த ஸ்கிரிப்டை எழுதுங்க. கார்டை வாங்கும்போது மலிவா கிடைக்கற இன்டெல் லேபிள் ஒட்டின டூப்ளிகேட்டும் சந்தைல இருக்குங்கறதை மனசுல வெச்சுக்குங்க. கேமாட் டிரைவர் போட்டவங்க ஒவ்வொரு சிஸ்டம் அப்கிரேடுக்கு அப்புறமும் கேஎல்டிஸ்டாட்டை ஒரு தடவை அடிச்சுப் பாருங்க, கெர்னல் மாறினதும் மாட்யூல் ஏறாம சிஸ்டம் சத்தமே இல்லாம பழைய டிரைவருக்குப் போயிருக்கும், அது தெரியவர்றது அடுத்த பேக்கப் ராத்திரிதான்.